கருப்பு வண்டிக்காரரின் வேகத்தடை

எங்கள் மெக்கானிக் ஷெட்டில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, வண்டிதான் பெயர். ஹாரன் அடிக்காத டாக்டர், புகை வண்டி வாத்தியார், பின்கதவு திறக்காத பாய் என்று சொன்னால்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆள் அடையாளம் தெரியும். அந்த வரிசையில் வந்தவர்தான் கருப்பு வண்டிக்காரர். கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையோரம் ஷெட் போட்ட நாளிலிருந்து எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்துவிட்டேன். இவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தியாகதுருகம் பக்கத்து ஆள். குச்சிக்கிழங்கு வியாபாரம், அதாவது மரவள்ளி. கல்வராயன் மலைமேல் விளைகிற கிழங்கை மொத்தமாகப் பேசி வாங்கி, லாரியில் கீழே இறக்கி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்புவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். பழைய டயர் ஒன்றை உருட்டி வந்து அதன்மேல் உட்காருவார். டீ வாங்கிக் கொடுத்தால் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு மீதியைக் குடிப்பார். தன் வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொள்வார். இத்தனை சொத்து இருந்தும் ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு தூரமானாலும் அவரேதான் ஓட்டுவார்.

வண்டி, பெங்களூரில் யாரோ ஒரு பணக்காரர் ஓட்டி அலுத்து விற்ற வெளிநாட்டுக் கார். நீளமான கருப்புக் கார். அதில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் ரப்பரில் ஒரு காற்றுப் பை. பின்பக்கம் ஒரு கம்ப்ரசர். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பைக்குக் காற்றை ஏற்றி வண்டியைச் சமமாக நிறுத்த ஒரு கம்ப்யூட்டர். பாய் விரித்துப் படுத்தாற்போல் போகும். ஆனால் பைகளுக்கு வயதாகிவிட்டது. ராத்திரி நிற்க வைத்தால் காலையில் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள் வந்தபோதே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊர் நடுவில் ஒரு வேகத்தடை. வண்டி நிறைய ஆள் உட்கார்ந்திருந்தாலும் அதை அடி தட்டாமல் தாண்ட வேண்டும்.

"சத்தம் வரக்கூடாதும்மா. இம்மாத்தூண்டு சத்தம்கூட வரக்கூடாது" என்றார், சுண்டுவிரல் நுனியைக் காட்டி.

"எந்த ஸ்பீடு பிரேக்கர்லயும் தட்டக்கூடாதுங்களாண்ணே?"

"மத்ததுல தட்டுனா தட்டிட்டுப் போவுது. அதுல தட்டக்கூடாது." டயரை உருட்டி உட்கார்ந்துகொண்டே, "அப்புறம், என்ன அண்ணேன்னு கூப்புடாத. மொதலாளின்னு கூப்புடு, யோவ்னு வேணா கூப்புடு. அது மட்டும் வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் ஒருத்தர் விடாமல் அண்ணே போட்டுத்தான் நான் தொழிலையே நடத்துகிறேன். இவருக்கு மட்டும் அதில் என்ன முள் குத்துகிறது? அன்றைக்குக் குழம்ப ஆரம்பித்தவள்தான்.

அந்த வேகத்தடையை ஏன் தட்டாமல் தாண்ட வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். என்னிடம், வீட்டில் அவங்களுக்கு இடுப்பு வலி, குலுங்கினால் தாங்காது என்றார். என் வீட்டுக்காரரிடம், மலைமேல் ஓர் அதிகாரியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார். டீக்கடையில், வெளிநாட்டிலிருந்து சிநேகிதர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கடை பேட்டரிக்காரரிடம், ஜோசியர் சொன்னதாகச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து நாலு காரணத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஒட்டவில்லை.

மலைக்குப் போக அவரிடம் நல்ல ஜீப் இருந்தது. அதில் போனால் அந்த வேகத்தடை இருப்பதே தெரியாது. அதையும் கேட்டேன்.

"ஜீப்பு அழகா இருக்காதும்மா" என்றார்.

இடுப்பு வலிக்கு அழகு என்னத்துக்கு? கேட்டிருப்பேன். அதற்குள் எழுந்து வண்டிக்கு அடியில் குனிந்துவிட்டார். வெள்ளை வேட்டி கிரீஸில் புரள்வதைப் பற்றிக் கவலையே இல்லாமல், தரைக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டு, "நாலு விரல்தான் போவுது, பத்தாது" என்றார்.

இந்த மாதிரி காற்று வண்டி வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்வது ஒன்றுதான். பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பிரிங் போட்டுவிடுவது. தொல்லை விட்டது. என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கருப்பு வண்டிக்காரர் கேட்கவில்லை.

"ஸ்பிரிங் போட்டா ஆளு ஏற ஏற அமுங்கும். இது அமுங்குமா? நாலு பேர் ஏறுனாலும் அதே ஒசரத்துல நிக்கணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணு."

அதற்குப் பிறகு எங்கள் ஷெட் ஷெட்டாக இல்லை. கோயம்புத்தூரிலிருந்து தடித்த பைகள் வந்தன, பெரிய கம்ப்ரசர் வந்தது, டிக்கியில் பொருத்த ஒரு காற்றுத் தொட்டி வந்தது. வண்டியை ஏற்றவும் இறக்கவும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் அதற்குக் கையடக்கமாக ஒரு ரிமோட்டும் வந்தன. எல்லாவற்றையும் மாட்டி முடித்த அன்று வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது. புதுப் பெட்டி வண்டியை மேலே தூக்குகிறது. கம்பெனி கம்ப்யூட்டர், இதென்ன இவ்வளவு உயரம் என்று கீழே இறக்குகிறது. அது ஏற்ற, இது இறக்க, ஆளே இல்லாத வண்டி ஷெட்டுக்குள் மூச்சு வாங்கும் எருமை மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கருப்பு வண்டிக்காரர் டயர்மேல் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே வரவில்லை அவருக்கு. "பாவம், அதுக்கும் இன்னா பண்றதுன்னு தெரியல" என்றார்.

எப்படியோ சென்சார் கம்பிகளை மாற்றி மாட்டி கம்பெனி கம்ப்யூட்டரை ஏமாற்றினோம். சோதித்துப் பார்க்க அவரோடு நான் போனேன். என் வீட்டுக்காரர் லிஃப்டில் வேறு வண்டியைத் தூக்கி வைத்திருந்தார். தவிர, அந்த ரிமோட் கருப்பு வண்டிக்காரருக்குப் பிடிபடவே இல்லை. ஏற்றுவதற்குப் பதில் இறக்கிவிடுவார். அதனால் நான் ரிமோட்டும் கையுமாக முன்சீட்டில்.

கச்சிராயபாளையம் வரைக்கும் எத்தனையோ வேகத்தடை. எல்லாவற்றிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார், எல்லாரும் செய்வதுதான். இரண்டு இடத்தில் லேசாகத் தட்டியது. கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஊர் வந்தது. வேகத்தடையைப் பார்த்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. அதை வேகத்தடை என்று யாராவது சொல்வார்களா? வயல் வரப்பைத் தூக்கிவந்து ரோட்டில் போட்டு அதன்மேல் தார் ஊற்றியது போல இருந்தது.

அங்கே மட்டும் அவர் கோணலாகத் திருப்பவில்லை. நேராக, நடை போடுவது போல மெதுவாக ஏற்றினார். முன்சக்கரம் இறங்கியதும் வண்டியின் அடிவயிற்றில் 'டர்ர்ர்' என்று இழுத்தது.

ரோட்டோர வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். கையில் முறம். என் வயதுதான் இருக்கும். வேலியைப் பிடித்துக்கொண்டு வண்டியையே பார்த்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. இவர் அந்தப் பக்கம் திரும்பாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கொஞ்ச தூரம் போய் நிறுத்திவிட்டு, சட்டையெல்லாம் நனைய வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"யாருங்க அவங்க?"

"யாரு? நான் யாரையும் பாக்கலியே."

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம், "இது சின்ன வூட்டு சமாச்சாரம். சத்தம் கேட்டா அவ வெளிய வந்துடுவான்னுதான் இந்த ஆளு இத்தன பாடு படறாரு" என்று அடித்துச் சொன்னேன். அவர், "ஒனக்கு வேற நெனப்பே வராதா?" என்று ஸ்பேனரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

என் நினைப்பும் அடுத்த வாரமே இடித்தது. ரோடு காண்ட்ராக்டர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவரிடம் சொன்னால் அந்த வேகத்தடையின் தலையைக் கொஞ்சம் சீவிவிடுவார், வண்டியைப் போட்டு வதைப்பதைவிட அது சுலபம் என்று கருப்பு வண்டிக்காரரிடம் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். டயரிலிருந்து எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அதுமேல எவனாவது கைய வெச்சான், கைய ஒடிச்சுப்புடுவேன். சொல்லிக்கினே இருக்கேன், வண்டியத் தூக்குன்னு. ரோட்டப் பத்தி உனக்கு இன்னா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேகத்தடையும் இருக்க வேண்டும், வண்டியும் தட்டக்கூடாது, அந்தப் பெண்ணும் வெளியே வரக்கூடாது, ஜீப்பிலும் போகக்கூடாது. இதில் எது முக்கியம் இந்த மனிதருக்கு? வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

மறுநாள் காலை டிராக்டர் ஒன்று ஷெட் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவரே. செம்மண், ஜல்லி. மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்து அளந்து அளந்து, அந்த ஊர் வேகத்தடை இருக்கிற அதே உயரத்துக்கு, அதே அகலத்துக்கு எங்கள் வாசலிலேயே ஒன்றைக் கட்டிவிட்டார். இங்கேயே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாமாம். அது இருந்த நாள் வரைக்கும் எங்கள் ஷெட்டுக்கு வந்த ஒவ்வொரு வாடிக்கையாளரும் வண்டி அடிபட்டு எங்களைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்.

ஆளுக்குப் பதில் கிழங்கு மூட்டை. பின்சீட்டில் பழைய போர்வையை விரித்து, மூட்டைகளை அவரே தூக்கி வைத்தார். இரண்டு பக்கமும் கனமான மூட்டை. நடுவில் வைத்த மூட்டை கனமாக இருக்கிறது என்று இறக்கி, அவிழ்த்து, கிழங்கைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் தூக்கி வைத்தார்.

"இது எதுக்குங்க கம்மி பண்றீங்க?"

"பொண்ணு ஒல்லியா இருக்கும்மா" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "கெழங்கு அழுகி இருந்துச்சு. அதான்."

அழுகின கிழங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நடு மூட்டை ஒல்லியான ஒரு பெண். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பெண்கள். கருப்புக் கார், அழகாக இருக்க வேண்டும். கல்யாணம் என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது. யாருக்கு, எங்கே, ஏன் அதை இப்படித் திருடன் மாதிரி ஒளிக்க வேண்டும் என்பது புரியவில்லை.

அந்த ஒல்லிப் பெண்ணே ஒரு நாள் நேரில் வந்துவிட்டாள். கையில் தாம்பாளத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. தியாகதுருகம் பக்கம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஷெட்டில் இருப்பார் என்று அனுப்பியிருக்கிறார்கள். இவர் வண்டிக்கு அடியில் படுத்து விரலால் அளந்துகொண்டிருந்தார்.

"மாமா" என்றாள்.

உள்ளே தலை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் முகமெல்லாம் கிரீஸ். "ஆயில் ஒழுவுது, அதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார், அவள் கேட்காமலேயே.

"கல்யாணம் மாமா. பொண்ணு அழைப்புக்கு உங்க வண்டிலதான் நான் ஏறுவேன். தாய்மாமன் நீங்க வராம இன்னா கல்யாணம்?"

"யாரு அனுப்புனது உன்ன?"

"தட்டு அம்மாதான் எடுத்துக் குடுத்துச்சு."

"இன்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. எடுத்துக் குடுத்துச்சு."

இவர் தட்டை வாங்கவில்லை. கையைக் காட்டினார், கிரீஸ். கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனவர் வெகு நேரம் வரவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய டயர்மேலேயே உட்கார்ந்தாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள்.

அன்றைக்கு முறத்தோடு வெளியே வந்தது அவள் அம்மா. கருப்பு வண்டிக்காரரின் கூடப் பிறந்த தங்கை. இந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான், பள்ளிக்கூடம் போகிற வயது. மலையிலிருந்து கிழங்கு ஏற்றி இறங்கிய லாரி, அவர்கள் வீட்டு வாசலிலேயே அவன்மேல் ஏறிவிட்டது. லாரி மாமாவுடையது. ஓட்டியது டிரைவர்தான், ஆனால் லாரி மாமாவுடையது. ஊரே ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தது. அதிகாரிகள் வந்து வேகத்தடை போட்டுத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா தன் டிராக்டரில் மண்ணும் ஜல்லியும் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்துவிட்டார். ஊர்க்காரர்கள் போதும் போதும் என்றார்களாம். இவர் இன்னொரு நடை, இன்னொரு நடை என்று கொட்டிக்கொண்டே இருந்தாராம். பிடித்து இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்ததாம். பிறகு ரோடு போட வந்தவர்களும் அதைக் குறைக்க மனசு வராமல் மேலே தார் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"அன்னிலேர்ந்து அம்மா மாமாகிட்டப் பேசல. அண்ணேன்னு ஒரு வார்த்த கூப்ட்டதில்ல. மாமாவும் வூட்டுப் படி ஏறுனதில்ல. எந்த வண்டி தட்டுனாலும் அம்மா மட்டும் இன்னா வேலையா இருந்தாலும் போட்டுட்டு வெளிய ஓடியாரும்."

தங்கை பெண்ணுக்குக் கல்யாணம் என்று எங்கிருந்தோ காதில் விழுந்திருக்கிறது. கூப்பிடுவார்களா மாட்டார்களா என்றே தெரியாமல், கூப்பிட்டால் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று இந்த மனிதர் இத்தனை நாளாக மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் அந்தச் சத்தம் வந்து, அதைக் கேட்டுத் தங்கை நொறுங்கிவிடக்கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் சோறு தண்ணி இல்லாமல் செய்து கொடுத்திருப்போமே? ஜோசியர், அதிகாரி, இடுப்பு வலி என்று எதற்கு இத்தனை கதை? கை கழுவிவிட்டு வந்து தட்டை வாங்கும்போதுகூட, "சோப்புத் தண்ணி கண்ணுல பட்டுடுச்சு" என்றுதான் சொன்னார்.

பெண் அழைப்பு நாள். மாப்பிள்ளை ஊர் நைனார்பாளையம். ரிமோட்டுக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் பைக்கில் முன்னாலேயே போய், வேகத்தடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார், அடி தட்டுகிறதா என்று பார்க்க.

வெயில் தாழ்ந்த நேரம். மாலை போட்ட பெண் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அவளுடைய அத்தை. மறுபக்கம், வீட்டு வாசலைப் பார்த்த ஜன்னலோரம், அவள் அம்மா. அண்ணன் கதவைத் திறந்து பிடித்தார். தங்கை முகம் பார்க்காமல் ஏறினாள். மேளக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினேன். வண்டி மெல்ல எழுந்து, எங்கள் எல்லார் பாரத்தையும் தூக்கிக்கொண்டு சமமாக நின்றது.

அவர் ஓட்டினார். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஒரு சத்தம் இல்லை. வெளியே என் வீட்டுக்காரர் எழுந்து துள்ளிக் குதித்துக் கையை ஆட்டினார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

"நிறுத்து" என்றாள் பின்னாலிருந்து அவர் தங்கை.

வண்டி நின்றது.

"தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்மா." அவர் கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை. "சத்தமே வரல. உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்..."

"யார் சொன்னா கஷ்டம்னு? பால் வண்டி, பள்ளிக்கூட பஸ்ஸு, எல்லாம் இங்க நின்னு எம்புள்ளய ஒரு ஒரசு ஒரசிட்டுதான் போவுது. ஒவ்வொரு வாட்டியும் நான் வெளிய வந்து பாத்துக்குவேன், அவன யாரும் மறக்கலன்னு." அவள் குரல் உடைந்தது. "அவன் அக்கா கல்யாணத்துக்குப் போறா. தம்பிகாரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்காம கூட்டினு போறியே. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவர் ஏதாவது காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன். ரிவர்ஸ் போட்டார். வண்டி மறுபடியும் சத்தமில்லாமல் வேகத்தடையைத் தாண்டிப் பின்னால் வந்து நின்றது.

"எறக்கும்மா" என்றார் என்னிடம்.

"இன்னாங்க?"

"வண்டிய எறக்கு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பொத்தானை அழுத்தினேன். பைகளிலிருந்து காற்று புஸ்ஸென்று வெளியேறியது. "இன்னும்" என்றார். அழுத்தினேன். "இன்னும்." கடைசி மட்டத்துக்கு, தரையோடு தரையாக வண்டி உட்கார்ந்தது. வெளியே என் வீட்டுக்காரர் தலையிலடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

அவர் நேராக ஏற்றினார். டர்ர்ர் என்று ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. வண்டியின் முழு நீளமும் அதன்மேல் தேய்ந்துகொண்டு போனது. என் காலுக்குக் கீழே தகடு அதிர்ந்தது. பின்னால் கல்யாணப் பெண் விம்மினாள். அவள் அம்மா ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, சத்தம் ஓய்கிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள்.

பின்சக்கரம் இறங்கியதும் அவர் வண்டியை நிறுத்தினார். ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

தங்கை கையை உள்ளே இழுத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சொல்லியாச்சு, போ" என்றாள்.